வீடு பார்க்கும் முன் தெருவைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

நம் குடும்பங்கள் பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான் ஊர் மாறுகின்றன. பள்ளி திறப்பதற்குள் வீடு பிடித்தாக வேண்டும் என்ற அவசரத்தோடு இம்முறை ஏராளமான கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றுள், அன்றாடத் தேவைகளுக்கு நடந்தே போய்வரக்கூடிய பகுதியைத் தேடுகிறவர்களின் கடிதங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் கணவருக்குச் சென்னை நந்தனத்தில் உள்ள அலுவலகத்துக்கு மாறுதல் வந்திருக்கிறது. ஏழாம் வகுப்புப் படிக்கும் மகனும் 74 வயது மாமியாரும் எங்களோடு இருக்கிறார்கள். கார் இல்லை, ஒரு ஸ்கூட்டர் மட்டும் உண்டு. தஞ்சையில் கீழராஜ வீதிக்குப் பக்கத்தில் குடியிருப்பதால் கடை, கோயில், டாக்டர் எல்லாமே எங்களுக்கு நடக்கும் தூரம்தான். சென்னையில் தரகர் காட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் “எல்லாமே பக்கத்துலதாம்மா, நடந்தே போயிடலாம்” என்கிறார். எதை வைத்து முடிவு செய்வது?
– ஓர் ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: தரகர் பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். அவர் நாள் முழுவதும் வண்டியில் சுற்றுகிறவர். வண்டியில் இரண்டு நிமிடத்தில் போகும் இடம் அவருக்குப் பக்கம்தான். உங்கள் வீட்டில் நடப்பதற்கு அதிகம் சிரமப்படுகிறவர் உங்கள் மாமியார் என்பதால், தூரத்தை அவருடைய கால்களைக் கொண்டுதான் நீங்கள் அளக்க வேண்டும். முடிந்தால் வீடு பார்க்க வரும்போது அவரையும் அழைத்து வாருங்கள்.

மதுரையிலிருந்து சென்னைக்குக் குடிவந்தபோது நான் இதைச் செய்யத் தவறினேன். வாடகைக்குப் பிடித்த வீட்டுக்கும் காய்கறிக் கடைக்கும் இடையே வரைபடத்தில் 350 மீட்டர்தான் இருந்தது. ஆனால் இடையில் ஒரு பெரிய சாலை. அதன் நடுவே இடுப்பு உயரத்துக்குக் கம்பித் தடுப்பு. தடுப்பில் இடைவெளி விட்டிருக்கும் இடம் வரை நடந்து, சாலையைக் கடந்து, மறுபுறம் அதே அளவு திரும்பி நடந்தால்தான் கடை வரும். நடைபாதை இருந்தது, அதன் மேல் ஒரு மின்மாற்றியும் இரண்டு மின் இணைப்புப் பெட்டிகளும் இருந்தன, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கார் ஏறுவதற்காகச் சிமெண்டில் சரிவு போட்டிருந்தார்கள். முதல் நாள் அம்மாவோடு போனபோது அவர் நடைபாதையிலிருந்து எத்தனை முறை இறங்கி ஏறுகிறார் என்று எண்ணிக்கொண்டே போனேன். போகும் வழியில் மட்டும் 11 முறை. மதுரையில் நாள்தோறும் வடக்கு மாசி வீதி வரை நடந்துபோய்ப் பூ வாங்கி வந்தவர், அங்கே மெல்ல மெல்ல வெளியே போவதையே நிறுத்திக்கொண்டார். ஓராண்டு கழித்து அந்த வீட்டைக் காலி செய்தபோது, வந்த புதிதில் அவருக்கு வாங்கிக் கொடுத்த செருப்பின் அடியில் இருந்த கோடுகள்கூட அழியாமல் அப்படியே இருந்தன. அதைக் கையில் எடுத்துப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது தூரத்தை அல்ல. வழியில் எத்தனை பெரிய சாலைகளைக் கடக்க வேண்டியிருக்கிறது என்பதை. ஆறு வழிச் சாலையின் அகலம் ஏறத்தாழ 21 மீட்டர். நல்ல உடல்நிலையில் உள்ளவர் நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடந்தால் அதை 18 நொடிகளில் கடந்துவிடலாம், நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு 26 நொடிகளுக்கு மேல் ஆகும். சிக்னலில் பச்சை விளக்கு எவ்வளவு நேரம் எரிகிறது என்பதைக் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் நின்று மூச்சு வாங்க இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அடுத்தது நடைபாதை. சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். சாலையிலிருந்து அதன் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அளவு நாடா தேவையில்லை: நடைபாதையில் நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால், விரல் நுனிகளுக்கு அப்பாலும் சற்று இடம் மிஞ்ச வேண்டும். சென்னை மாநகராட்சி 2014-இல் மோட்டார் வாகனம் அல்லாத போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு பேருந்து ஓடும் சாலைகள் பலவற்றில் நடைபாதைகள் அகலமாகவும் தாழ்வாகவும் திருத்திக் கட்டப்பட்டன. பழைய, முழங்கால் உயர நடைபாதைக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் மாமியாரின் மூட்டு உடனே சொல்லிவிடும்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நடைபாதையே இல்லை என்பதற்காக ஓர் உள்தெருவைத் தள்ளிவிடாதீர்கள். இருபதடி அகலத் தெருவில், இருபுறமும் வீட்டு வாசல்கள், நடுவில் விளையாடும் பிள்ளைகள், தள்ளுவண்டியில் கீரை விற்கும் அம்மா, மூலையில் இஸ்திரி வண்டி என்று இருந்தால், எந்த வண்டியும் அங்கே வேகமாக வர முடியாது. அத்தகைய தெருவின் நடுவிலேயே முதியவர்கள் அச்சமின்றி நடப்பதைப் பார்க்கலாம். வேகத்தடைகூட இல்லாமல் நேராக நீண்டு, இரண்டு பெரிய சாலைகளை இணைக்கும் குறுக்குவழியாக ஆட்டோக்களும் பைக்குகளும் பயன்படுத்தும் உள்தெருதான் ஆபத்தானது. அத்தகைய தெருவை மாலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். பகல் பதினோரு மணிக்குப் பார்த்தால் தெரியாது.

நந்தனத்துக்கு அலுவலகம் என்றால் நான் மூன்று பகுதிகளைச் சொல்வேன். மயிலாப்பூர், அதை ஒட்டிய மந்தைவெளி: கபாலீசுவரர் கோயிலைச் சுற்றிய மாட வீதிகளில் உங்கள் ராஜ வீதிகளின் சாயல் இருக்கும், தெற்கு மாட வீதியில் காய்கறி, வடக்கு மாட வீதியில் நவராத்திரிக் காலத்துக் கொலு பொம்மைகள் என்று மாமியாருக்கு வீட்டில் உட்காரவே மனம் வராது. வாடகை கூடுதல். லஸ் சுற்றுவட்டாரத்தில் மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் இரண்டு வழித்தடங்கள் சந்திக்கும் சுரங்க நிலையம் கட்டப்பட்டு வருவதால், இரும்புத் தகட்டுத் தடுப்புகள் எந்தத் தெருவை மறித்திருக்கின்றன என்பதை நேரில் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். மேற்கு மாம்பலம்: அயோத்தியா மண்டபத்தைச் சுற்றிய தெருக்களில் மளிகை, மாவுக் கடை, மருந்துக் கடை எல்லாம் சில நூறு மீட்டருக்குள் கிடைக்கும், மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தியாகராய நகர் பேருந்து நிலையம் வரை 2023-இல் திறக்கப்பட்ட ஆகாய நடைபாதை இருப்பதால், ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் சிக்காமல் மறுபுறம் போய்விடலாம். சைதாப்பேட்டை: காரணீசுவரர் கோயிலை ஒட்டிய பழைய கடைத்தெரு, வாடகை மற்ற இரண்டையும்விடச் சற்றுக் குறைவு, மெட்ரோவில் ஏறினால் நந்தனம் அடுத்த நிலையம். உங்கள் குடும்பத்துக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது சைதாப்பேட்டையை. கணவரின் அலுவலகத்துக்கும் வண்டி எடுக்க வேண்டியதில்லை என்பதால், ஸ்கூட்டர் வீட்டில் அவசரத் தேவைக்கு நிற்கும்.

ரயில் நிலையங்களின் பெயரை மட்டும் நம்பாதீர்கள். நங்கநல்லூரின் பெயரைத் தாங்கிய மெட்ரோ நிலையம் ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது, நங்கநல்லூரின் கோயில் தெருக்களில் குடியிருப்பவர்களுக்குப் பழவந்தாங்கல் ரயில் நிலையமே நடந்துபோக வசதி.

கேள்வி: சோழிங்கநல்லூரில் மென்பொருள் வேலை. நாவலூரில் ஒரு பெரிய அடுக்குமாடி வளாகத்தில் வீடு வாங்க எண்ணியிருக்கிறேன். உள்ளேயே நடைப்பயிற்சிப் பாதை, பூங்கா, சிறு பல்பொருள் அங்காடி எல்லாம் இருக்கின்றன. இதைவிட நடப்பதற்கு ஏற்ற இடம் இருக்குமா?
– ஒரு பொறியாளர், திருநெல்வேலி

பதில்: வளாகத்தின் உள்ளே நீங்கள் நிம்மதியாக நடக்கலாம் என்பதில் எனக்கு ஐயமில்லை. மாலையில் பிள்ளைகள் பயமின்றி ஓடியாடுவதும் பெரிய வரம்தான். ஆனால் நடைப்பயிற்சி செய்ய ஏற்ற இடம் வேறு, நடந்து வாழ ஏற்ற இடம் வேறு. காவலாளி நிற்கும் வாயிலைத் தாண்டியதும் என்ன இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. மத்திய கைலாஷிலிருந்து நாவலூர் வழியாகச் சிறுசேரி வரை 20 கிலோமீட்டருக்கு ஆறு வழிச் சாலையாகப் போடப்பட்ட பழைய மகாபலிபுரம் சாலை, வாகனங்கள் தடையின்றி ஓடுவதற்காகவே அமைக்கப்பட்டது. எதிர்ப்புறத்தில் கண்ணுக்குத் தெரியும் மருந்துக் கடைக்குக்கூட மேம்பாலப் படிகளில் ஏறி இறங்கவோ, வண்டியில் போய் யூ-டர்ன் எடுத்து வரவோ வேண்டிய இடங்கள் அதில் பல உண்டு. போதாக்குறைக்கு, மாதவரத்திலிருந்து சிறுசேரி வரும் மெட்ரோ வழித்தடப் பணியும் அதே சாலையில் நடக்கிறது. அது முடிந்து ரயில் ஓடத் தொடங்கினால் நிலைமை நிச்சயம் மாறும். ஆனால் நீங்கள் குடியேறப் போவது இன்றைய சாலைக்கு.

வளாகத்து அங்காடியில் பாலும் ரொட்டியும் கிடைக்கும். செருப்புத் தைக்க, சட்டைக்குப் பித்தான் வாங்க, பிள்ளைக்குத் திடீரென்று சார்ட் அட்டை வாங்க, அப்பாவுக்குப் பல் வலி என்றால் காட்ட, ஒவ்வொன்றுக்கும் செயலியில் வண்டி அழைக்க வேண்டியிருக்குமானால் அதற்கான செலவையும் மாதத் தவணையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

என் யோசனை, உடனே வாங்க வேண்டாம் என்பதுதான். திருவான்மியூரில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். மருந்தீசுவரர் கோயிலைச் சுற்றிய தெருக்கள், கடற்கரை, பறக்கும் ரயில் நிலையம், அலுவலகத்துக்குப் பேருந்து என்று அங்கே கால்களுக்கு வேலை இருக்கிறது. வீடு சிறியதாகத்தான் கிடைக்கும். முன்பணமாகப் பத்து மாத வாடகை கேட்டால், தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகையைத்தான் உச்சவரம்பாக வைத்திருக்கிறது என்பதைப் பணிவாக எடுத்துச் சொல்லிப் பேசுங்கள். ஓராண்டுக்குப் பிறகும் நாவலூர்தான் வேண்டும் என்று தோன்றினால், அப்போது தெரிந்தே போகிறீர்கள்.

கேள்வி: ஓய்வுபெற்று ஈரோட்டிலிருந்து கோயம்புத்தூருக்குப் போகிறோம். காலை நடைக்கு வசதியாக ரேஸ்கோர்ஸ் பக்கம் வீடு பார்க்கலாமா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ஈரோடு

பதில்: மேலே பொறியாளருக்குச் சொன்னதே உங்களுக்கும் பொருந்தும். ரேஸ்கோர்ஸின் இரண்டரை கிலோமீட்டர் சுற்றுப்பாதை தமிழ்நாட்டின் அருமையான நடைப்பாதைகளில் ஒன்று. மரநிழலும் அகலமும் மனத்துக்கு இதம் தரும். ஆனால் நாளில் ஒரு மணி நேரம் நடக்கும் இடத்துக்காக மற்ற நேரத் தேவைகளை விட்டுவிடாதீர்கள். ஆர்.எஸ்.புரத்தில் வீடு பாருங்கள். டி.பி. சாலை, சம்பந்தம் சாலைகள் என்று கட்டம் கட்டமாக அமைந்த தெருக்கள், உழவர் சந்தை, மருத்துவர்கள், சிற்றுண்டிக் கடைகள் எல்லாம் அங்கே ஒன்றாக இருக்கின்றன. கட்டம் கட்டமான தெருக்களில் உள்ள நன்மை என்னவென்றால், ஒரு தெருவில் தோண்டிப் போட்டிருந்தால் அடுத்த தெரு வழியாகப் போய்விடலாம். ரேஸ்கோர்ஸுக்கு வாரம் இருமுறை பேருந்தில் போய்வாருங்கள்.

கேள்வி: எழும்பூர் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் செவிலியராகச் சேரவிருக்கிறேன். பணி முடிய இரவு ஒன்பதரை ஆகலாம். தனியாக இருக்கப்போகும் எனக்கு, நடந்து வர எந்தப் பகுதி பாதுகாப்பானது?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: பகுதியின் பெயரைவிட, பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்கதவு வரை உள்ள அந்தச் சில நூறு மீட்டர்தான் உங்களுக்கு முக்கியம். அந்த வழியை இரவு பத்து மணிக்கு, ஒரு தோழியோடோ அண்ணனோடோ நடந்து பாருங்கள். மருந்துக் கடை, டிபன் கடை, பால் பூத், ஆட்டோ ஸ்டாண்டு இவற்றில் எவை அந்நேரத்தில் திறந்திருக்கின்றன? தெருவிளக்குகள் மரக்கிளைகளுக்குள் மறைந்திருக்கின்றனவா? நீண்ட மதில் சுவர் ஒருபுறமும், பூட்டிய அலுவலகங்கள் மறுபுறமுமாக உள்ள தெரு பகலில் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். நாய்கள் எங்கே கூடுகின்றன என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். குப்பைத் தொட்டியை ஒட்டிய வளைவில்தான் பெரும்பாலும் இருக்கும்.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. நம் நாட்டில் வாகனங்கள் இடப்புறமாகப் போகின்றன. எனவே வேலையிலிருந்து திரும்பும் பேருந்து சாலையின் எந்தப் பக்கத்தில் உங்களை இறக்கிவிடுமோ, அந்தப் பக்கத்தில் வீடு பாருங்கள். சாலையைக் கடக்கும் வேலையைக் காலை வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளலாம். இரவில், களைத்த கண்களோடு கடக்க வேண்டியிராது. 2021-இலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், வாடகை சற்றுக் குறைவான, ஆனால் நிறுத்தத்துக்கு மிக அருகில் உள்ள வீட்டை நீங்கள் தயங்காமல் எடுக்கலாம். புரசைவாக்கம் நெடுஞ்சாலையை ஒட்டிய தெருக்களை முதலில் பாருங்கள். கடைகளின் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இரவிலும் வெகுநேரம் இருக்கும். மருத்துவமனையும் தொலைவில் இல்லை.

கேள்வி: சென்னையில் மே மாதத்தில் பார்த்த வீடு பிடித்திருக்கிறது. மழைக்காலத்தில் அந்தத் தெரு எப்படி இருக்கும் என்று இப்போதே தெரிந்துகொள்ள முடியுமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: ஓரளவுக்கு முடியும். சென்னையில் மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. நீங்கள் பார்த்ததோ வறண்ட தெரு. மதில் சுவர்களின் அடிப்பகுதியில் ஒரே மட்டத்தில் ஓடும் கறைக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீடுகளின் வாசற்படி தெருவைவிடத் தாழ்ந்திருந்தால், தெருவை மேலே மேலே போட்டு உயர்த்தியிருக்கிறார்கள் என்று பொருள். மழைநீர் வடிகாலின் மேல்மூடிகள்தான் பல இடங்களில் நடைபாதையே. ஒரு மூடி உடைந்திருந்தாலும் முழங்கால் நீரில் அது தெரியாது. இஸ்திரி போடுகிறவரிடமும் பூக்காரம்மாவிடமும் கேளுங்கள். அவர்கள் தெருவிலேயே நிற்கிறவர்கள், தண்ணீர் எந்த மின்கம்பம் வரை வந்தது என்றுகூடச் சொல்வார்கள். ரயில்பாதைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதைதான் உங்கள் ஒரே வழி என்றால், பள்ளிக்கோ மருத்துவருக்கோ போக மாற்றுவழி இருக்கிறதா என்று உறுதிசெய்த பிறகே முடிவெடுங்கள்.

கேள்வி: குடிவந்துவிட்டோம். நடைபாதை முழுவதும் பைக்குகளும் கடைகளும். யாரிடம் சொல்வது?
– ஓர் இல்லத்தரசி, பெரம்பூர்

பதில்: மாநகராட்சியின் 1913 என்ற எண்ணில் புகார் செய்து, பதிவு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தடையில்லாத நடைபாதை அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீங்கள் கேட்பது சலுகை அல்ல. ஆனால் புகாரில் பைக்கையும் பூக்கடையையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தெருவோர வியாபாரிகளுக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டம் சில உரிமைகளைத் தந்திருக்கிறது. அதற்கும் மேலாக, அவர்கள் இருப்பதால்தான் உங்கள் தெருவில் இரவு எட்டு மணிக்கும் ஆள் நடமாட்டம் இருக்கிறது. வழிவிட்டு ஓரமாக இருக்கச் சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள். பூட்டிவிட்டுப் போன வண்டியிடம் அப்படிச் சொல்ல முடியாது.

கேள்வி: மகனுக்குப் பெங்களூரு எம்.ஜி. சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. வீடு பார்க்க அவனுக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கிறது. சமைத்துச் சாப்பிடுகிற பிள்ளை, வண்டி கிடையாது. எப்படிப் பார்க்கச் சொல்வது?
– ஒரு தாய், மதுரை

பதில்: அல்சூரைப் பார்க்கச் சொல்லுங்கள். தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் பகுதி. சோமேசுவரர் கோயிலும் பழைய சந்தையும் சிறு தெருக்களும் உண்டு. அங்குள்ள ஹலசூரு மெட்ரோ நிலையத்தில் ஏறினால் எம்.ஜி. சாலை இரண்டாவது நிறுத்தம். அங்கே அமையாவிட்டால் மல்லேசுவரம். 1898-இல் பெங்களூருவைத் தாக்கிய கொள்ளைநோய்க்குப் பிறகு திட்டமிட்டு விரிக்கப்பட்ட பகுதி அது. எட்டாவது கிராஸ் (குறுக்குத்தெரு) கடைத்தெருவுக்கு எந்தக் கிராஸிலிருந்தும் நேராக நடந்து வந்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமைத் தெரு, வேலைநாள் தெருவைப் போல் இருக்காது என்பதை மட்டும் அவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை இரவே போய்ச் சேர்ந்து, தங்கும் இடத்திலிருந்து ஒரு சுற்று நடந்து பார்த்தால் இரவு நிலவரம் தெரியும். ஞாயிறு காலை வீடுகளைப் பார்த்து, பிடித்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலிருந்தும் மெட்ரோ நிலையத்துக்கும் காய்கறிக் கடைக்கும் நடந்து பார்க்கட்டும். கடையில் ஐந்து கிலோ அரிசி வாங்கிப் பையைக் கையில் பிடித்துக்கொண்டே அந்த வீட்டு வாசல் வரை திரும்பி வரச் சொல்லுங்கள். வழியில் எத்தனை முறை பையைக் கீழே வைத்தார், வைப்பதற்கு இடம் இருந்ததா, கை மாற்றும்போது பின்னால் ஒலிப்பான் சத்தம் கேட்டதா என்று அன்றிரவு தொலைபேசியில் நீங்களே கேளுங்கள். அரிசி வீணாகாது, புதிய வீட்டில் முதல் சமையலுக்கு ஆகும்.